பாறையைத் தட்டிக் கேட்ட கதை

கடப்பாரையின் நுனி தலைக்கு மேலுள்ள பாறையைத் தொடுகிறது. ஒரு தட்டு. "ணங்" என்று கணீரென ஒலிக்கிறது. இரண்டடி தள்ளி இன்னொரு தட்டு. அதுவும் "ணங்". மூன்றாவது இடத்தில் "பொத்" என்கிறது. தட்டியவர் கையை நிறுத்துகிறார். தலைவிளக்கின் வெளிச்சத்தில் அந்த இடத்தைப் பார்த்தால் எந்த வித்தியாசமும் தெரியவில்லை. அதே கரும்பச்சைப் பாறை, அதே ஈரம். ஆனாலும் பின்னால் நிற்பவர்களிடம், "தள்ளி நில்லுங்கப்பா" என்கிறார். கடப்பாரையை இடுக்கில் கொடுத்து நெம்புகிறார். ஓர் ஆள் கனமுள்ள பாறைத் துண்டு தடாலென்று கீழே விழுகிறது. அதற்கு அப்புறம்தான் வேலை ஆரம்பம்.

கடினப் பாறையைக் குடைந்த சுரங்கங்களில் இப்படித் தட்டிப் பார்த்த பிறகே ஆட்கள் உள்ளே போனார்கள். கோலார் தங்கவயலில் நந்திதுர்க், சாம்பியன் ரீஃப், மைசூர், ஊர்காம், பாலகாட் என்று அடுத்தடுத்து இருந்த ஐந்து பெரிய சுரங்கங்களில், வட ஆற்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் சித்தூரிலிருந்தும் போன நம் மக்கள் தலைமுறை தலைமுறையாகப் பாறையோடு வாழ்ந்தார்கள். மாணவர்கள் பாடப்புத்தகத்தில் 'ஒலி' என்ற அத்தியாயத்தைப் படிக்கும்போது இவர்களை நினைத்துக்கொள்ள வேண்டும் என்று எனக்கு ஆசை. பாறைக்குள் நடப்பதைக் கேட்கும் ஒரு கருவி பின்னாளில் பிறந்தது. அதன் பிறந்த கதை இந்தக் கடப்பாரைத் தட்டிலிருந்து தொடங்குகிறது.

நெரிசலில் போகும் தள்ளு

தட்டினால் பாறைக்குள் என்ன நடக்கிறது?

காலை நேரத்து டவுன் பஸ்ஸை நினைத்துக்கொள்ளுங்கள். நிற்க இடமில்லை. கண்டக்டர் பின்படிக்கட்டில் நின்று "உள்ளே போங்க, உள்ளே போங்க" என்று கடைசி ஆளை லேசாகத் தள்ளுகிறார். அவர் முன்னால் இருப்பவர்மேல் சாய்கிறார். அவர் அடுத்தவர்மேல் சாய்கிறார். ஒரு நொடியில் அந்தத் தள்ளு டிரைவர் சீட்டு வரைக்கும் போய்விடுகிறது. ஆனால் கடைசி ஆள் இன்னும் கடைசியில்தான் நிற்கிறார். நகர்ந்தது ஆள் இல்லை, தள்ளு மட்டும்தான்.

ஒலியும் இப்படித்தான் போகிறது. தட்டிய இடத்தில் துகள்கள் நெருங்குகின்றன, அடுத்த கணம் விலகுகின்றன. நெருக்கமும் விலகலும் மாறி மாறி அடுத்தடுத்த துகள்களுக்குக் கைமாறிப் போவதே ஒலி அலை. துகள் தன் இடத்திலேயே ஆடுகிறது, அலை ஊர் கடந்து போகிறது. ஆளே இல்லாத பஸ்ஸில் தள்ளு எப்படிப் போகும்? துகளே இல்லாத வெற்றிடத்தில் ஒலி போக முடியாததற்கும் அதுவே காரணம்.

இந்தத் தள்ளு எவ்வளவு வேகமாகப் போகும் என்பது, துகள்கள் ஒன்றையொன்று எவ்வளவு விறைப்பாகப் பிடித்திருக்கின்றன என்பதையும் அவை எவ்வளவு கனம் என்பதையும் பொறுத்தது. விறைப்பு கூடினால் வேகம் கூடும், கனம் கூடினால் வேகம் குறையும். பாறை காற்றைவிடப் பலமடங்கு கனம். ஆனால் அதன் விறைப்பு அந்தக் கனத்தை எங்கோ பின்னால் தள்ளிவிடுகிறது. அதனால் காற்றில் நொடிக்குச் சுமார் 340 மீட்டர் போகும் ஒலி, தண்ணீரில் 1,400 மீட்டரைத் தாண்டுகிறது, தங்கவயல் பாறையைப் போன்ற கடினப் பாறையில் நொடிக்கு 6 கிலோமீட்டரை எட்டுகிறது.

இப்போது அந்த "ணங்"கும் "பொத்"தும் புரியும். மலையோடு ஒட்டியிருக்கும் பாறையில் தட்டினால் அலை தங்குதடை இல்லாமல் ஓடுகிறது. விறைத்த பொருள் வேகமாக அதிரும், ஒலி கூர்மையாக எழும். உள்ளே மெல்லிய பிளவு இருந்தால் அலை அங்கே நின்றுவிடுகிறது. பிளவுக்கு இந்தப் பக்கம் உள்ள துண்டு மட்டும் தனியாக, மந்தமாக ஆடுகிறது. பிளவின் இரு முகமும் உரசி, அந்த ஆட்டத்தையும் சீக்கிரம் தின்றுவிடுகின்றன.

சந்தையில் பானை வாங்கும் பாட்டி விரல் மடக்கித் தட்டிப் பார்ப்பதும் இதே சோதனைதான். கண்ணுக்குத் தெரியாத கீறலைக் காது காட்டிக்கொடுக்கும்.

பீப்பாயும் நெஞ்சுக்கூடும்

ஆஸ்திரியாவின் கிராட்ஸ் நகரில் ஒரு விடுதிக்காரருக்குப் பிறந்த பையன் லியோபோல்ட் அவுன்பிருக்கர். மதுப் பீப்பாயில் இன்னும் எவ்வளவு மீதி இருக்கிறது என்று தெரிந்துகொள்ள அதைத் தட்டிப் பார்க்கும் வழக்கம் அந்தத் தொழிலில் உண்டு. காலியாக இருக்கும் இடத்தில் ஒரு ஒலி, மது நிற்கும் இடத்தில் வேறு ஒலி. பையன் வளர்ந்து மருத்துவர் ஆனார். நெஞ்சும் ஒரு பீப்பாய்தானே என்று நினைத்தாரோ என்னவோ, நோயாளிகளின் நெஞ்சை விரலால் தட்டிக் கேட்க ஆரம்பித்தார். நுரையீரலைச் சுற்றி நீர் கோத்திருந்தால் ஒலி மந்தமாகிறது என்று கண்டார். 1761இல் அதைப் புத்தகமாக எழுதினார். இன்றும் மருத்துவர்கள் நம் நெஞ்சில் ஒரு விரலை வைத்து மறு விரலால் தட்டுவது அவர் விட்டுச்சென்ற பழக்கம்.

1816இல் பாரிஸ் மருத்துவர் ரெனே லேனெக் இன்னொரு வழியைக் கண்டார். ஒரு தாளை இறுக்கச் சுருட்டி ஒரு முனையை நோயாளியின் நெஞ்சிலும் மறுமுனையைத் தன் காதிலும் வைத்தார். இதயத்தின் ஓசை, வெறும் காதை ஒட்டிவைத்துக் கேட்டதைவிடத் தெளிவாகக் கேட்டது. ஸ்டெதஸ்கோப் அப்படிப் பிறந்தது.

இரண்டும் கேட்பதுதான் என்றாலும் இரண்டு வகை. அவுன்பிருக்கர் தட்டிவிட்டுக் கேட்டார். லேனெக் தட்டாமல், உள்ளிருந்து தானாக வரும் ஓசையைக் கேட்டார். நம் கருவிக்கு இரண்டு வழியிலும் சொந்தம் உண்டு.

பறங்கிமலைப் பீரங்கி

ஒலியைக் கேட்டால் மட்டும் போதாது, அதன் வேகத்தை அளக்கவும் தெரிய வேண்டும். வேகம் தெரிந்தால்தான் நேரத்தைத் தூரமாக மாற்ற முடியும். இந்த அளவை நம் சென்னையிலேயே ஒருவர் எடுத்தார்.

ஜான் கோல்டிங்ஹாம் சென்னை வானாய்வகத்தின் வானியலாளர். ஆய்வகம் நுங்கம்பாக்கத்தில் இருந்தது. செயின்ட் ஜார்ஜ் கோட்டையிலும் பறங்கிமலையிலும் குறித்த நேரத்தில் பீரங்கி வெடிப்பார்கள். கோட்டை, ஆய்வகத்திலிருந்து 4 கிலோமீட்டருக்குச் சற்று மேல். பறங்கிமலை ஏறக்குறைய 9 கிலோமீட்டர். வெடித்ததும் தீப்பிழம்பின் ஒளி அந்தக் கணமே கண்ணுக்கு வந்துவிடும். சத்தம் மெதுவாக நடந்து வரும். பறங்கிமலையிலிருந்து வர ஏறக்குறைய 26 நொடி ஆகும். அந்த இடைவெளியைக் கடிகாரத்தில் எண்ணிக்கொண்டால் வேகம் கிடைத்துவிடும். மின்னலைப் பார்த்துவிட்டு இடி வரும்வரை "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்று எண்ணுகிற பிள்ளைகள் செய்வதும் இந்தக் கணக்குதான்.

கோல்டிங்ஹாம் 1820, 1821 ஆண்டுகளில் மாதம் மாதமாக இதைச் செய்தார். வெப்பம், ஈரம், காற்றின் திசை எல்லாவற்றையும் பக்கத்திலேயே குறித்தார். 1823இல் லண்டன் ராயல் சொசைட்டியின் இதழில் அது வெளியானது. சென்னை வெயில் மாதங்களில் ஒலி விரைவாக வந்தது, குளிர் மாதங்களில் தாமதித்தது. இன்று பாடப்புத்தகம் சொல்வதும் அதுதான். 0 டிகிரியில் நொடிக்கு 331 மீட்டர், அதற்கு மேல் ஒவ்வொரு டிகிரிக்கும் சுமார் 0.6 மீட்டர் கூடும்.

கோல்டிங்ஹாமின் அளவீட்டுக்கு ஐந்தாறு ஆண்டு கழித்து, 1826இல், ஜெனீவா ஏரியில் கொலாடோன் என்பவரும் ஸ்டுர்ம் என்பவரும் தண்ணீருக்குள் ஒலியின் வேகத்தை அளந்தார்கள். ஒரு படகிலிருந்து நீருக்குள் தொங்கிய மணியை அடித்தார்கள். அடித்த அதே கணத்தில் மேலே வெடிமருந்து பளிச்சென்று எரிந்தது. 13.5 கிலோமீட்டர் தள்ளியிருந்த இன்னொரு படகில் இருந்தவர் நீருக்குள் ஒரு குழாயை இறக்கிக் காது வைத்தார். 9.4 நொடியில் மணியோசை வந்தது. நொடிக்கு 1,435 மீட்டர் என்று கிடைத்தது.

மண்ணில்? 1849இல் அயர்லாந்துப் பொறியாளர் ராபர்ட் மாலெட், டப்ளினை அடுத்த கில்லைனி கடற்கரையில் வெடிமருந்தைப் புதைத்து வெடித்தார். தூரத்தில் ஒரு கிண்ணத்தில் பாதரசம் வைத்திருந்தார். அதிர்வு வந்து சேர்ந்ததும் பாதரசத்தின் முகத்தில் விழுந்திருந்த பிம்பம் கலைந்தது. அந்தக் கணத்தைக் குறித்தார். பூமிக்குள் போகும் அலையை மனிதன் வேண்டுமென்றே உண்டாக்கி அளந்த ஆரம்ப முயற்சிகளில் அது ஒன்று. அந்தப் பாதரசத்தை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வரும்.

எதிரொலியின் கணக்கு

அலை ஒரு பொருளிலிருந்து இன்னொரு பொருளுக்குள் நுழையும் எல்லையில் ஒரு பகுதி உள்ளே போகும், மீதி திரும்பிவிடும். இரண்டு பொருளும் எவ்வளவு வேறுபட்டவையோ அவ்வளவு அதிகம் திரும்பும். காற்றில் வந்த ஒலி பாறையில் மோதினால் ஏறக்குறைய முழுவதும் திரும்பிவிடுகிறது. திரும்பி வந்து காதில் விழுவது எதிரொலி.

ஒரு ஒலியின் பதிவு நம் காதில் பத்தில் ஒரு நொடி தங்கும். அதற்குள் எதிரொலி வந்துவிட்டால் முதல் ஒலியோடு கலந்துவிடும், தனியாகத் தெரியாது. பத்தில் ஒரு நொடியில் ஒலி 34 மீட்டர் போகும். போக 17, வர 17. ஆகவே சுவர் குறைந்தது 17 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும்.

விஜயபுராவின் (பீஜப்பூர்) கோல் கும்பஸுக்குப் போனவர்களுக்கு இது தெரியும். கும்மட்டத்தின் உள்விட்டம் ஏறக்குறைய 38 மீட்டர். இந்தப் பக்கம் தட்டிய ஒரு கைத்தட்டல் எதிர்ச்சுவருக்குப் போய்த் திரும்ப 76 மீட்டர், நேரம் 0.22 நொடி. எதிரொலி தனித்துக் கேட்கப் போதுமான நேரம் அது. வளைந்த சுவர் ஒலியைச் சிதறவிடாமல் வைத்திருப்பதால் அது திரும்பத் திரும்பக் கேட்கிறது.

சுரங்கப் பாதையில் நிலைமை வேறு. சுவர்கள் இரண்டு மூன்று மீட்டரில் நிற்கின்றன. எதிரொலிகள் நூற்றுக்கணக்கில் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து நீண்ட முழக்கமாகிவிடும். பாடப்புத்தகம் அதை எதிர்முழக்கம் என்கிறது. அப்படிப்பட்ட இடத்தில் ஒரு சத்தம் எந்தத் திசையிலிருந்து வந்தது என்று காதால் சொல்வது கஷ்டம். இது உயிர் சம்பந்தப்பட்ட கஷ்டமாகவும் இருந்தது.

ஏர் பிளாஸ்ட்

தங்கவயலில் ஜான் டெய்லர் நிறுவனம் 1880இல் பொறுப்பேற்றது. சுரங்கங்கள் ஆழமாகிக்கொண்டே போயின. 1890களின் கடைசியிலேயே புதிதாக ஓர் ஆபத்து தெரிய ஆரம்பித்தது. யாரும் வெடிவைக்காத நேரத்தில் பாறை தானாக வெடித்தது. தூணாக விட்டுவைத்த பாறை நொறுங்கிச் சிதறியது. அந்த வேகத்தில் அமுங்கிய காற்று பாதைகளில் புயலாகப் பாய்ந்து ஆட்களைத் தூக்கி எறிந்தது. காற்றுதான் முதலில் உணரப்பட்டது என்பதால் இதற்கு 'ஏர் பிளாஸ்ட்' என்று பெயர் வந்தது. 1904இல் மைசூர் அரசின் புவியியலாளர் டபிள்யூ. எஃப். ஸ்மீத், தங்கவயலின் ஏர் பிளாஸ்ட்களையும் அதிர்வுகளையும் பற்றித் தனி அறிக்கையே எழுதினார். உலகத்தில் இந்தப் பிரச்சினையை முதலில் சந்தித்த சுரங்கங்களில் நம்முடையது ஒன்று.

காரணம் இதுதான். சாம்பியன் ரீஃப் சுரங்கம் கடைசியில் 3,200 மீட்டருக்குக் கீழே போனது. 3,000 மீட்டர் ஆழத்தில் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டர்மீதும் மேலேயுள்ள பாறையின் எடை ஏறக்குறைய 900 கிலோ. ஒரு ரூபாய் நாணயத்தின் அகலத்தில் சுமார் மூன்று டன். தங்கம் இருக்கும் பாறையை வெட்டி எடுத்துவிட்டால், அது தாங்கியிருந்த பாரமும் பக்கத்துப் பாறையின் தலையில் ஏறுகிறது. மென்மையான பாறையாக இருந்தால் மெதுவாகப் பிதுங்கி விட்டுக்கொடுக்கும். தங்கவயல் பாறை கடினமானது, விட்டுக்கொடுக்காது. வளைத்துப் பிடித்த மூங்கில்போல உள்ளுக்குள் விசையைச் சேர்த்துக்கொண்டே போய், ஒரு கணத்தில் மொத்தத்தையும் அவிழ்த்துவிடும்.

அப்போது மேலே தொழிலாளர்களின் லைன் வீடுகளில் பாத்திரங்கள் கிடுகிடுக்கும். பெரிய வெடிப்பின் அலையில் நொடிக்குச் சில முறை மட்டுமே ஆடும் மெதுவான அதிர்வும் உண்டு. நொடிக்கு 20 முறைக்குக் கீழே ஆடுவது நம் காதுக்குக் கேட்காது, கால் உணரும், அலமாரி உணரும். ஷிப்டுக்கு ஆள் அனுப்பிய வீடுகளில் அந்தக் கிடுகிடுப்பின் பொருள் எல்லோருக்கும் தெரியும்.

கடப்பாரைத் தட்டு இங்கே போதவில்லை. தளர்ந்த பாறையை அது காட்டிவிடும். இறுகி நிற்கும் பாறையோ தட்டினால் "ணங்" என்றே சொல்லும். ஆபத்தான பாறைதான் மிக அழகாக ஒலித்தது.

போர்க்களத்தில் கிடைத்த காது

முதல் உலகப் போரில் எதிரிப் பதுங்குகுழிகளுக்கு அடியில் சுரங்கம் தோண்டி வெடிவைப்பது ஒரு போர்முறை. மண்ணுக்குள் எதிரி தோண்டுகிற ஓசையை முன்கூட்டியே கேட்பவர் பிழைப்பார். பிரெஞ்சுப் படையினர் அதற்காக ஒரு கருவியைப் பயன்படுத்தினார்கள். கைக்கடக்கமான வட்டமான ஒரு மரப்பெட்டி. உள்ளே இரண்டு மைக்காத் தகடுகளுக்கு நடுவே பாதரசம். பெட்டியைத் தரையில் வைத்தால் தரையின் அதிர்வில் பெட்டி ஆடும். கனமான பாதரசம் அசைய மறுத்து நின்ற இடத்திலேயே நிற்கும். இரண்டுக்கும் நடுவிலுள்ள காற்று அமுங்கி விரியும். அந்தக் காற்றை ஸ்டெதஸ்கோப்பைப் போன்ற ரப்பர் குழாய் காதுக்குக் கொண்டுவரும். மாலெட்டின் பாதரசமும் லேனெக்கின் குழாயும் ஒரே பெட்டிக்குள் சேர்ந்துவிட்டன. இதன் பெயர் ஜியோபோன், பூமியின் ஒலியைக் கேட்பது என்று பொருள்.

இரண்டு பெட்டிகளை வைத்து ஒன்றின் குழாயை இடக் காதிலும் மற்றதன் குழாயை வலக் காதிலும் மாட்டிக்கொள்வார்கள். ஓசை எந்தப் பெட்டிக்கு முதலில் வருகிறதோ அந்தப் பக்கத்திலிருந்து வருவதுபோலத் தோன்றும். இரண்டு காதிலும் ஒரே நேரத்தில் கேட்கும்வரை பெட்டிகளைத் திருப்பித் திருப்பி வைத்தால், இரண்டுக்கும் நேர்குத்தான திசையில் எதிரி இருக்கிறான் என்று தெரிந்துவிடும். போர் முடிந்ததும் அமெரிக்கச் சுரங்கத் துறை அதே கருவியை உயிர் காக்க எடுத்துக்கொண்டது. இடிபாட்டுக்கு அந்தப் பக்கம் சிக்கியவர்கள் சுவரில் தட்டுகிற ஓசையை அதில் கேட்டார்கள்.

இன்றைய ஜியோபோனில் பாதரசம் இல்லை. பெரிய நெல்லிக்காய் அளவுள்ள உலோக உருளைக்குள் ஒரு காந்தம். அதைச் சுற்றி, மெல்லிய வில்லில் தொங்கும் கம்பிச்சுருள். தரை ஆடும்போது உருளையும் காந்தமும் சேர்ந்து ஆடும். சுருள் பாதரசத்தைப்போலவே அசையாமல் நிற்கப் பார்க்கும். காந்தம் சுருளைக் கடந்து அசைவதால் கம்பியில் மின்சாரம் பிறக்கும். ஸ்பீக்கரில் மின்சாரம் ஒலியாகிறது, இங்கே அதிர்வு மின்சாரமாகிறது.

பாறை தானே பேசியது

1938. அமெரிக்கச் சுரங்கத் துறையில் லெனார்ட் ஓபர்ட் என்பவர் ஒரு கேள்வியோடு சுரங்கத்துக்குள் போனார். தூணின்மேல் பாரம் ஏற ஏற அதன் வழியே போகும் ஒலியின் வேகம் மாறுமா? மாறினால் வேகத்தை அளந்தே பாரத்தைச் சொல்லிவிடலாம். தூணின் ஒரு பக்கம் தட்டி மறுபக்கம் கேட்பதற்குக் கருவிகளைப் பொருத்தினார். ஆனால் யாரும் தட்டாதபோதும் கருவியில் 'சட், சட்' என்று ஏதோ விழுந்துகொண்டே இருந்தது. கருவியில் கோளாறு என்று நினைத்துச் சரிபார்த்தார்கள். கோளாறு இல்லை. ஓசை பாறையிலிருந்துதான் வந்தது.

ஓபர்ட்டும் அவருடன் சேர்ந்த வில்பர் டுவாலும் அந்த ஓசையை விடாமல் பின்தொடர்ந்தார்கள். பாரம் கூடக்கூட ஓசையின் எண்ணிக்கையும் கூடியது. அளக்கப் போன வேகம் பின்னுக்குப் போய்விட்டது, இடையூறு என்று நினைத்த ஓசைதான் பெரிய கண்டுபிடிப்பாக நின்றது.

இதை வீட்டிலேயே கேட்கலாம். காய்ந்த வேப்பங்குச்சி ஒன்றைக் காதருகே பிடித்து மெல்ல வளையுங்கள். ஒடிவதற்கு முன்னாலேயே 'சட்... சட் சட்' என்று சின்னச் சின்னதாக முறியும் ஓசை வரும். நார் நாராக உள்ளே அறுபடுகிறது. பாறையும் மொத்தமாக உடைவதற்கு முன் மணி மணியாக உள்ளே விரிசல் விடுகிறது. ஒவ்வொரு விரிசலும் ஒரு சின்ன ஒலி அலை. யாரும் தட்டாமலே பாறை தன் நிலையைச் சொல்லிக்கொண்டிருக்கிறது.

தங்கவயலின் காதுகள்

1956இல் சுரங்கங்கள் மைசூர் அரசின் கைக்கு வந்தன. 1962இல் மத்திய அரசுக்குப் போயின. 1972இல் பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் பிறந்தது. அதற்குள் வேலை நடந்த பெரிய சுரங்கங்களாக மைசூர், சாம்பியன் ரீஃப், நந்திதுர்க் மூன்றும் மிஞ்சியிருந்தன. பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் நிலநடுக்கவியலாளர்கள் 1970களின் கடைசியில் இங்கே வந்து, சுரங்கத்தாரோடு சேர்ந்து தரைமேலும் தரைக்கடியிலும் ஜியோபோன்களைப் பதித்தார்கள். கேபிள் வழியே எல்லாம் ஓர் அறைக்கு வந்து சேர்ந்தன.

வெடிப்பு எங்கே நடந்தது என்று கண்டுபிடிப்பது எதிரொலிக் கணக்கின் தம்பிதான். பாறைக்குள் ஒரு விரிசல் விழுகிறது. அலை எல்லாத் திசையிலும் ஓடுகிறது. அருகிலுள்ள ஜியோபோனுக்கு முதலில் வரும், தொலைவிலுள்ளதற்குத் தாமதமாக வரும். நொடிக்கு 6 கிலோமீட்டர் என்றால் ஆயிரத்தில் ஒரு நொடித் தாமதம் 6 மீட்டர் தூரம். நாலைந்து ஜியோபோன்களின் தாமதங்கள் எல்லாவற்றுக்கும் பொருந்துகிற ஒரே ஓர் இடம்தான் விரிசல் விழுந்த இடம்.

தூரத்திலிருந்து ஒற்றைக் கருவியாலும் ஒரு கணக்குப் போடலாம். பாறையில் இரண்டு வகை அலைகள் ஒன்றாகக் கிளம்புகின்றன. நெருங்கி விலகும் அலை ஒன்று, நொடிக்குச் சுமார் 6 கிலோமீட்டர். கயிற்றை உதறினால் போகிற மாதிரி பக்கவாட்டில் ஆடும் அலை இன்னொன்று, நொடிக்குச் சுமார் 3.5 கிலோமீட்டர். முதலாவது முந்திக்கொள்ளும், இரண்டாவது பின்தங்கும். எவ்வளவு தூரம் ஓடுகின்றனவோ அவ்வளவு இடைவெளி விழும்.

இங்கே ஒரு சுரங்கத்தின் பெயரே ஒரு நல்ல கணக்குக்கு வழிகாட்டுகிறது. நந்திதுர்க் என்ற பெயர் நந்தி மலைக் கோட்டையிலிருந்து வந்தது. அந்த மலைக்கு வடமேற்கே, கௌரிபிதனூரில், 1960களின் நடுவில் அமைந்த பாபா மையத்தின் நிலநடுக்க நிலையம் இருக்கிறது. உலகில் எங்கே அணுகுண்டு சோதித்தாலும் அறிந்துகொள்வதற்காக வைத்த காது அது. தங்கவயலிலிருந்து அது நூறு கிலோமீட்டருக்கு மேல். கணக்குக்கு 108 என்று வைத்துக்கொள்வோம். தங்கவயலில் பெரிய பாறை வெடிப்பு ஒன்று நடந்தால் முதல் அலை 18 நொடியில் அங்கே போய்ச்சேரும். இரண்டாவது அலை ஏறக்குறைய 31 நொடியில் வரும். இடைவெளி 13 நொடி. கௌரிபிதனூரில் இருப்பவர் அந்த 13ஐ 8.4ஆல் பெருக்கினால் போதும், 'நூற்றுச் சொச்சம் கிலோமீட்டரில் ஏதோ நடந்திருக்கிறது' என்று சொல்லிவிடுவார். அதே சத்தம் காற்று வழியே வருவதாக வைத்துக்கொண்டால் 5 நிமிடத்துக்கு மேல் ஆகும். அவ்வளவு தூரத்தில் அது வழியிலேயே கரைந்தும் போய்விடும்.

1988இல் தேசியப் பாறை இயந்திரவியல் நிறுவனம் கோலார் தங்கவயலிலேயே தொடங்கப்பட்டது. இந்தியாவின் அணைகளுக்கும் சுரங்கங்களுக்கும் பாறை பற்றி ஆலோசனை சொல்லும் ஒரு நிறுவனம் இந்த ஊரில் பிறந்தது தற்செயல் இல்லை. அங்கிருந்த ஆய்வாளர்கள், பெரிய வெடிப்புகளுக்கு முன்னால் சின்ன விரிசல் ஓசைகளின் போக்கு எப்படி மாறுகிறது என்று ஆழமான மட்டங்களில் ஆண்டுக்கணக்கில் பதிந்து பார்த்தார்கள். பல சமயம் எண்ணிக்கை திடீரென்று ஏறியது. ஓசை குவிந்த இடத்தை வரைபடத்தில் குறித்து, அங்கே ஆட்களை விடாமல் நிறுத்த முடிந்தது. எந்த நாளில், எந்த மணியில் வெடிக்கும் என்று அடித்துச் சொல்லும் வித்தை இன்றும் உலகத்தில் யாரிடமும் இல்லை. ஆனால் எந்தப் பாறை இறுகிக்கொண்டிருக்கிறது என்பதைப் பாறையின் வாயாலேயே கேட்கும் வழி கிடைத்துவிட்டது.

2001 பிப்ரவரி 28இல் சுரங்கங்கள் மூடப்பட்டன. பம்புகள் நின்றன. ஆழத்தில் தண்ணீர் ஏற ஆரம்பித்தது. தண்ணீர் பிளவுகளுக்குள் புகும்போது பாறை மறுபடி நகர்ந்தது. ஆள் இல்லாத சுரங்கத்திலிருந்து அதிர்வுகள் பிறகும் வந்தன. நூறாண்டு வெட்டிய காயத்தோடு பாறை இன்னும் தன்னைச் சரிப்படுத்திக்கொண்டிருக்கிறது.

பள்ளிச் சுவரில் ஒரு சோதனை

இவ்வளவும் படித்த மாணவர்கள் கையால் ஒருமுறை அளந்து பார்க்க வேண்டும். செலவு ஒன்றும் இல்லை.

பெரிய வெறும் சுவர் உள்ள மைதானத்தைத் தேடுங்கள். சுவரிலிருந்து 50 மீட்டர் டேப் வைத்து அளந்து நில்லுங்கள். கைதட்டினால் எதிரொலி கேட்க வேண்டும். இப்போது ஒரே தாளத்தில் தட்டத் தொடங்குங்கள். இரண்டு கைத்தட்டலுக்குச் சரிபாதியில் எதிரொலி விழுகிற மாதிரி தாளத்தைக் கூட்டிக் குறைத்துச் சரி செய்யுங்கள். தட்டு, எதிரொலி, தட்டு, எதிரொலி என்று ஒரே சீராக வந்ததும் நண்பரைக் கடிகாரத்தை ஓடவிடச் சொல்லுங்கள். அந்தத் தட்டைப் பூஜ்யம் என்று எண்ணி, பத்தாவது தட்டில் நிறுத்துங்கள்.

எதிரொலி போய்வர 100 மீட்டர். அது பாதி இடைவெளி. முழு இடைவெளிக்கு 200 மீட்டர், பத்து இடைவெளிக்கு 2,000 மீட்டர். கடிகாரம் 5.8 நொடி காட்டினால், 2,000ஐ 5.8ஆல் வகுத்தால் 345. அன்றைய வெப்பம் 25 டிகிரி என்றால் புத்தகத்துக் கணக்கு 346. தங்கவயல் கடல் மட்டத்திலிருந்து 800 மீட்டருக்கு மேல் உயரத்தில் இருக்கிறது. உயரத்தில் காற்றழுத்தம் குறைவு, அதனால் வேகம் மாறாதா என்று யாராவது கேட்பார்கள். அழுத்தம் குறையும்போது காற்றின் அடர்த்தியும் அதே அளவில் குறைகிறது. இரண்டும் ஒன்றையொன்று ஈடுகட்டுவதால் வேகம் மாறாது, பெரும்பாலும் வெப்பமே அதை மாற்றும். கோல்டிங்ஹாம் மாதம் மாதமாகக் குறித்துவைத்ததைப்போல, ஜனவரியில் ஒருமுறையும் மே மாதத்தில் ஒருமுறையும் செய்து இரண்டையும் நோட்டில் எழுதிவையுங்கள்.

அடுத்தமுறை சந்தையில் பாட்டியோடு பானை வாங்கப் போகும்போது, விரலை மடக்கி நீங்களே ஒரு தட்டுத் தட்டுங்கள். கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கள். "ணங்" என்றால் வாங்கலாம்.